தூண்டிலுக்கு ஆறு நிபந்தனைகள்

என் தம்பி கார்த்திகேசனின் டிவிஎஸ் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போவதைப் போல எரிச்சலான காரியம் வேறு எதுவும் கிடையாது. மத்தியான வெயிலில், ஈ காக்கா இல்லாத ரோட்டில் சிவப்பு விளக்கு எரிந்தால்கூடக் காலை ஊன்றி நின்றுவிடுவான். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்து, திட்டிவிட்டுச் சுற்றிக்கொண்டு போவான். போய்த் தொலையேன்டா என்று நான் முதுகில் குத்துவேன். திரும்பிப் பார்க்க மாட்டான். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மறந்தால் கூட்டத்தில் இடித்துக்கொண்டு போய்க் கேட்டு வாங்குவான். இவனை வைத்துக்கொண்டு எப்படித்தான் குடித்தனம் பண்ணுகிறாய் என்று அவன் பெண்டாட்டி ரேகாவைக் கேட்டிருக்கிறேன். பழகிவிட்டது என்று சிரிப்பாள்.

நான் அவனுக்கு நேர் எதிர். கடலூர் மஞ்சக்குப்பத்தில், கலெக்டர் ஆபீஸ் சுவரை ஒட்டி ஒரு மேசை, ஒரு டைப்ரைட்டர், ஒரு குடை. இதுதான் என் பிழைப்பு. என் வீட்டுக்காரர் இறந்த வருஷத்திலிருந்து மனு எழுதுகிறேன். பட்டா, முதியோர் பென்ஷன், வாரிசுச் சான்று, சாதிச் சான்று, எதுவானாலும் லோகநாயகியம்மாவிடம் போ என்பார்கள். எந்தத் தாள் எந்த மேசையில் தூங்கும், யாரைப் பார்த்தால் எழுந்திருக்கும் என்பது எனக்கு அத்துப்படி. விதிகள் என்றால் எனக்குச் சுற்றிப்போகும் வழி. அவனுக்கு நேராக நடக்கும் ரோடு. ஒரே வயிற்றில் எப்படி இரண்டு பேரும் பிறந்தோம் என்று தெரியவில்லை.

எங்கள் சொந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம். கரும்பு போட்ட குடும்பம். எங்கள் வம்சத்தில் எவனும் மீன் பிடித்ததில்லை, சந்தையில் வாங்கித்தான் தின்றோம். இவன் ஒருத்தன்தான் பள்ளிக்கூடம் விட்டதும் மூங்கில் குச்சியைத் தூக்கிக்கொண்டு பெண்ணையாற்றுக்கு ஓடுவான். குடிகாடு பக்கம் ஒரு கம்பெனியில் பிட்டராக வேலைக்குச் சேர்ந்த பிறகும் அது விடவில்லை. ஒரு போனஸுக்குப் புதுச்சேரி போய், சுருள் வைத்த தூண்டில் ராடு ஒன்று வாங்கி வந்தான். ஞாயிற்றுக்கிழமையானால் சட்டைப் பையில் இரும்பு டேப்பும் கையில் ராடுமாகக் கிளம்பிவிடுவான். டேப் எதற்கு என்றால், பிடித்த மீனை அளப்பதற்கு. பிட்டர் புத்தி.

கெண்டை பிடித்தான், கெளுத்தி பிடித்தான். ஆனால் அவன் ஆசையெல்லாம் கொடுவாவின் மேல்தான். பிச்சாவரம் பக்கத்து உப்பங்கழியில் இருக்கும் அந்த மீன் தூண்டிலில் மாட்டினால் தண்ணீருக்கு மேல் எழும்பித் தலையை உதறுமாம், கை நரம்பு தெறிக்குமாம். கண்ணை அகலமாக்கிச் சொல்லுவான். எத்தனை ஞாயிறு போயிருப்பான்! ஒரு கொடுவாகூட மாட்டவில்லை.

2008-இல் அந்தச் சம்பவம் நடந்தது. கூட வேலை பார்க்கும் ஒருவரோடு பிச்சாவரம் பக்கம் சின்னப் படகு ஒன்றைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறான். எது காப்புக்காடு, எது பொதுத் தண்ணீர் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. சுரபுன்னை மரங்களுக்கு நடுவில் ஒரு குறுகலான வாய்க்காலுக்குள் நுழைந்து தூண்டில் போட்டிருக்கிறார்கள். வனக்காவலர் வந்துவிட்டார். அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, அவர் தன் வேலையைச் செய்தார். அனுமதிப் பேப்பர் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இல்லை. கூட வந்தவர் ஏதோ சிரித்துப் பேசிச் சமாளிக்கப் பார்த்திருக்கிறார். என் தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். "அனுமதியின்றி நுழைந்தேன், இனி இவ்வாறு செய்ய மாட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சுற்றுலா வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு படகு நிறைய உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்களாம்.

சிவப்பு விளக்கில் நிற்பவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்! அன்றைக்கு வாங்கி வைத்துக்கொண்ட ராடை ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதைப் பழைய வேட்டியில் சுற்றி அலமாரியின் மேல் வைத்துவிட்டான். பிறகு என் மேசைக்கு வந்து, மனு கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"அக்கா, விளையாட்டுக்கு மீன் பிடிக்கிறதுக்குன்னு ஒரு ரூல் இருக்கும், ஒரு பேப்பர் இருக்கும் இல்ல? நீ கேட்டுச் சொல்லேன். மொதல்லயே தெரிஞ்சுகிட்டுப் போயிருந்தா இந்த அவமானம் வந்திருக்காது."

பார்க்கிறேன் என்றேன்.

ஆபீஸ்களில் இந்தப் 'பார்க்கிறேன்' என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த மாவட்டத்தில் கிடையாது. அந்த வார்த்தையைச் சொல்கிறவர்களை நான் வாய்கிழியத் திட்டியிருக்கிறேன். அதையே என் தம்பிக்குச் சொன்னேன். பென்ஷன் வராத கிழவிகள் வரிசையில் நிற்கும்போது, பொழுதுபோக்குக்கு ஒரு பேப்பரா என்று எனக்குள் ஓர் இளக்காரம். அடுத்த இரண்டு வருஷத்தில் மூன்று முறை கேட்டான். பிறகு கேட்பதை விட்டுவிட்டான். நான் நிம்மதியாக இருந்தேன்.

2010 ஆயுத பூஜை சமயத்தில் அவனுக்குக் கால் வீங்கியது. செருப்புப் போட முடியவில்லை. போய்ப் பார்த்தால் இரண்டு கிட்னியும் போய்விட்டது. நாற்பத்தொரு வயது. செவ்வாயும் சனியும் புதுச்சேரிக்குப் போய் டயாலிசிஸ். இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்து ஆபரேஷன் செய்திருந்தார்கள், அந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான். மற்ற நோயாளிகள் திருட்டுத்தனமாகக் குடித்துவிட்டு மூச்சுவாங்கி வருவார்களாம். இவன் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்துக்கொண்டு, வேளைக்கு இவ்வளவு என்று அளந்து குடித்தான். டாக்டருக்கே ஆச்சரியம். ஆனால் அவ்வளவு ஒழுங்காக இருந்தும் இருதயம் தாங்கவில்லை. தை மாதம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வேறு கிட்னி வைக்கிற நிலைமையில் இவர் இல்லை என்றார். எத்தனை வருஷம் என்று கேட்டேன். வருஷக் கணக்கில் பேசாதீர்கள் அம்மா என்றார்.

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வந்தோம். பெண்ணையாற்றுப் பாலத்தில் வண்டி ஏறியதும் ஜன்னல் வழியாகத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அழுகையை அடக்கிக்கொண்டு முன் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தேன். தலையைத் திருப்பாமலே கேட்டான்.

"அந்தப் பேப்பர் என்னாச்சுக்கா?"

அடுத்த நாள் காலையிலேயே மேசையை விரிக்காமல் கிளம்பினேன். இரண்டு வருஷம் கிடப்பில் போட்டதை இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். முதலில் மீன் சம்பந்தப்பட்ட ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருந்த எழுத்தர் எனக்குத் தெரிந்தவர். படகு விஷயமா, வலை விஷயமா என்று கேட்டார். தூண்டில் என்றேன். மீனவரா என்றார். இல்லை என்றேன். விற்கிறதுக்கா என்றார். இல்லை என்றேன். பிறகு எதற்குப் பிடிக்கிறார் என்று கேட்டார். சும்மா என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சும்மா பிடிக்கிறவருக்கு எங்களிடம் படிவம் ஒன்றும் இல்லையே அம்மா என்றார். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே யோசித்துவிட்டுத்தான் சொன்னார்.

காடு சம்பந்தப்பட்ட அதிகாரியைப் பார்க்கச் சிதம்பரம் போனேன். இரண்டு மணி நேரம் காத்திருந்து பார்த்தேன். நல்ல மனுஷன். ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டினார். பச்சையாக இருப்பது காப்புக்காடு, அதற்குள் வெளியாள் தூண்டிலோடு வரக் கூடாது. அதற்கு இந்தப் பக்கம் முகத்துவாரத்தை ஒட்டின திறந்த கழி என் எல்லையில் இல்லை, பக்கத்து மீனவ ஊர்க்காரர்கள் சம்மதித்தால் அங்கே ஒருவர் தூண்டில் போடுவதை யாரும் தடுக்க மாட்டார்கள் என்றார். அதை ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். தம்பியின் நிலைமையைச் சொன்னேன், அழுதும் பார்த்தேன். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. என் எல்லைக்கு வெளியே இருக்கிற இடத்துக்கு நான் எப்படி அம்மா எழுதுவேன் என்றார். நியாயம்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது!

கலெக்டருக்கு ஒரு மனு டைப் அடித்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் மனு எழுதியதில்லை. ஒப்புகை அட்டை மட்டும் வந்தது.

கடைசியில் அந்த மீனவ ஊருக்கே போனேன். தங்கராசு என்ற படகுக்காரர் என்னை ஊர்ப் பெரியவர்களிடம் அழைத்துப் போனார். கோயில் வாசலில் உட்கார்ந்து விசாரித்தார்கள். எங்கள் வலை கிடக்கிற இடத்துக்கு வரக் கூடாது, ஊரில் சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது, இது இரண்டும்தான் எங்கள் கட்டுப்பாடு, மற்றபடி உடம்பு சரியில்லாதவர் ஆசைப்படுகிறார், வரட்டும் என்றார்கள். பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. இத்தனை ஆபீஸ் ஏறி இறங்கி, வேலை முடிந்தது ஒரு கோயில் வாசலில். எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். எங்கள் ஊரில் வாய்ச்சொல்தான் என்றார்கள்.

ஓடி வந்து கார்த்திகேசனிடம் சொன்னேன். கட்டிலில் சாய்ந்திருந்தான். முழுவதையும் கேட்டுவிட்டு, பேப்பர் இல்லையா என்றான். எனக்கு வந்ததே கோபம். செருப்புத் தேய அலைந்துவிட்டு வந்திருக்கிறேன், அந்த இடத்துக்குப் பேப்பரே தேவையில்லையாம், அதிகாரியே சொல்கிறார், யாரடா உன்னை வந்து கேட்கப்போகிறார்கள் என்று கத்தினேன். ரேகா சமையலறையிலிருந்து வந்து வாசற்படியில் நின்றாள்.

"கேட்டா?" என்றான். "கேட்டா, திரும்பவும் எழுதிக் குடுக்கணும். அத என்னால முடியாதுக்கா. எனக்கு இருக்குறது கொஞ்ச நாளு. அதுல ஒரு நாளு திருடனா நிக்க மாட்டேன்."

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. டாக்டர் என்னிடம் ரகசியமாகச் சொன்னதெல்லாம் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

எங்கள் ஆபீஸ் எதிரில் சிந்துஜா என்ற பெண் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தாள். மனுவுக்கு வேண்டிய படிவங்களை எனக்கு அச்சடித்துக் கொடுக்கிறவள் அவள்தான். இந்த மாதிரிப் பேப்பர் எந்த ஊரிலாவது இருக்கிறதா பார் என்றேன். தட்டினாள். வந்தது பாருங்கள், வெளிநாட்டில் ஒவ்வொரு ஊருக்கும் ஒன்று! சும்மா மீன் பிடிக்கிறவனுக்கென்றே உரிமம். ஒரு நாளைக்கு, ஒரு வாரத்துக்கு, ஒரு வருஷத்துக்கு. எத்தனை மீன் எடுக்கலாம், எவ்வளவு நீளம் இருக்கலாம், எதைத் திரும்பத் தண்ணீரில் விட வேண்டும் என்றெல்லாம் போட்டிருந்தார்கள். சிந்துஜா படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரிந்தது. என் தம்பி தப்பான நாட்டில் பிறந்துவிட்டான் என்று நினைத்தேன். அச்சடித்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு மேசைக்கு வந்தேன். டைப்ரைட்டரில் ஒரு தாளைச் செருகினேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பதினான்கு வருஷமாக நான் ஒரு பொய்ச் சான்று எழுதியதில்லை. செத்தவனை உயிரோடிருப்பதாகவும், உயிரோடிருப்பவனைச் செத்ததாகவும் எழுதித் தரச் சொல்லி வந்தவர்களையெல்லாம் குடையால் அடித்து விரட்டியிருக்கிறேன். அன்றைக்கு என் விரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்கே பயமாக இருந்தது.

"பொழுதுபோக்குத் தூண்டில் மீன்பிடிப்பு, ஓராண்டு உரிமம்" என்று தலைப்பு அடித்தேன். பெயர், தகப்பனார் பெயர், முகவரி. எந்தத் துறை என்று போடாமல் 'வழங்கும் அலுவலர்' என்று மட்டும் அடித்தேன். சிங்கமும் போடவில்லை, கோபுரமும் போடவில்லை, அந்த அளவுக்குப் பயம் இருந்தது. என் வீட்டுக்காரர் பொருளாளராக இருந்து, எப்போதோ கலைந்துபோன கரும்பு விவசாயிகள் சங்கத்தின் வட்டச் சீல் பெட்டியில் கிடந்தது. மையை அதிகமாகத் தடவி, கொஞ்சம் இழுத்து வைத்தேன். ஓர் எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. தெளிவான சீலைத்தான் ஜனங்கள் சந்தேகப்படுவார்கள். அதன் மேல் கோழி கிளறினாற்போல ஒரு கையெழுத்து.

நிபந்தனை இல்லாத அரசாங்கத் தாளை யாரும் நம்ப மாட்டார்கள், என் தம்பி நிச்சயம் நம்ப மாட்டான். அதனால் ஆறு நிபந்தனைகள் போட்டேன். ஒரு தூண்டில் மட்டும். காலை ஆறு மணி முதல் பதினொரு மணி வரை மட்டும். இந்த உரிமம் பிறருக்கு மாற்றத்தக்கதல்ல, உரிமதாரரைத் தவிர வேறெவரும் தூண்டிலைக் கையாளக் கூடாது. இது எல்லா உரிமத்திலும் இருக்கிற வரி, விரல் தானாக அடித்தது. நான்காவதை வெளிநாட்டுத் தாளைப் பார்த்து எழுதினேன்: அறுபது சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மீன் கிடைப்பின் உயிருடன் மீண்டும் நீரில் விடப்பட வேண்டும். அதை எழுதும்போது ஒரு கணம் யோசித்தேன். மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறவன் எங்கே அவ்வளவு பெரிய மீனை இழுக்கப்போகிறான், ஒரு பேச்சுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஐந்தாவது, பிடித்த மீன்களின் விவரத்தைப் பின்பக்கம் பதிய வேண்டும். ஆறாவது, காலம் முடிந்ததும் அல்லது தேவை நீங்கியதும் உரிமத்தை வழங்கிய அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

அவன் அதை மூன்று தடவை படித்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு சிரித்தான். ஐந்து மாதத்தில் அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். ரேகாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒவ்வொரு நிபந்தனையாக விளக்கினான். நான்காவதுக்கு வந்ததும் என்னைப் பார்த்தான்.

"எவ்ளோ யோசிச்சுப் போட்டிருக்காங்க பாருக்கா. கொடுவா சின்னதுல ஆணா இருக்கும், பெருசானாத்தான் பொட்டையாவும். பெருசுங்கதான் முட்ட வுடும். அதப் புடிச்சுட்டா அடுத்த வருஷம் மீனே இருக்காது. அதுக்குத்தான் இந்த ரூல்."

நான் போட்ட விதிக்கு அவன் எனக்கே காரணம் சொன்னான். தலையை ஆட்டினேன்.

மாசி மகம் முடிந்த அடுத்த வாரம், செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் முடிந்த மறுநாள் காலை போவதென்று முடிவு செய்தோம். டயாலிசிஸுக்கு மறுநாள்தான் அவனுக்குக் கொஞ்சம் தெம்பு இருக்கும். ரேகா வரவில்லை, பார்த்தால் அழுதுவிடுவேன் என்றாள். ராடை வேட்டியிலிருந்து பிரித்துத் துடைத்து அவன் கையில் கொடுத்து அனுப்பினாள். மீன் வந்தால் குழம்புக்குப் புளி ஊறவைக்கிறேன் என்றாள். அவன் சாப்பிடக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

தங்கராசு உயிர் இறாலோடு தயாராக இருந்தார். ஊரில் சாவு ஏதும் இல்லையே என்று இவன் முதலில் கேட்டான். இல்லை என்றார். மணி ஆறாகும்வரை படகில் ஏறாமல் கரையிலேயே நின்றான். தங்கராசு என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன். ஏறி உட்கார்ந்ததும் பிளாஸ்டிக் கவரில் போட்ட உரிமத்தைச் சட்டைப் பையில் குத்தி வைத்துக்கொண்டான், வெளியே தெரியும்படி. கம்பெனிக்குப் போகும்போது அடையாள அட்டையை அப்படித்தான் குத்திக்கொள்வான்.

ஏழு மணி, எட்டு மணி, ஒன்பது மணி. ஒன்றும் இல்லை. இறாலை மாற்றி மாற்றிப் போட்டான். தங்கராசு கழியை ஊன்றி இடம் மாற்றிக்கொண்டே இருந்தார். வெயில் ஏறியது. சுற்றிலும் தண்ணீர், அவன் பாட்டில் மூடியில் ஊற்றி நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டான். எனக்குத் தெரியாத சாமியில்லை, எல்லாரையும் வேண்டினேன். ஒரு மீன், ஒரே ஒரு மீன், விரல் நீளமாவது கொடு என்று வேண்டினேன். கேட்பதைச் சரியாகக் கேட்டிருக்க வேண்டும்.

பத்தே காலுக்கு ராடு வில்லாக வளைந்தது. சுருள் கிறீச்சென்று ஓடியது. இருபது அடி தள்ளி, வெள்ளியாக ஒன்று தண்ணீருக்கு மேல் எழும்பித் தலையை உதறியது. கொடுவா! தங்கராசு கழியைப் போட்டுவிட்டு எழுந்தார். தம்பியின் முகத்தைப் பார்த்தேன். பெண்ணையாற்றுக்கு ஓடின பையனின் முகம்.

ஆனால் உடம்பு அந்தப் பையனின் உடம்பு இல்லையே. ஐந்து நிமிஷத்தில் மூச்சு இரைத்தது. வலது கையால் ராடைப் பிடித்து, கட்டையை வயிற்றில் ஊன்றி, பாரம் ஏற்றக் கூடாத இடது கையால் சுருளைச் சுற்றினான். அந்தக் கையில் நரம்பு புடைத்து நின்றது. உதடு நீலமாகியது. என்னிடம் கொடுங்கள், ஓர் ஆளுக்கு ஆகாது என்று தங்கராசு கையை நீட்டினார்.

"தொடாதீங்க," என்றான். "மூணாவது ரூலு. வேற யாரும் புடிக்கக் கூடாது."

நான் அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. உள்ளே இருதயம் அடிப்பது என் கைக்குத் தெரிந்தது. விட்டுவிடு, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. விதியை விடு என்று சொல்லவும் முடியவில்லை. விரல் தானாக அடித்த ஒரு வரி என் தம்பியின் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. இருபது நிமிஷம். அப்படி ஓர் இருபது நிமிஷம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மீன் களைத்துப் படகின் பக்கத்தில் வந்து சாய்ந்தது. தூண்டிலைத்தான் தொடக் கூடாது, மீனைத் தொடலாம் என்று அவனே தீர்ப்புச் சொன்னதால் தங்கராசு ஈரச் சாக்கில் அதைத் தூக்கிப் படகுக்குள் வைத்தார். வாயிலிருந்து முள்ளை எடுத்தார். என் தம்பி கொஞ்ச நேரம் கண்ணை மூடி மூச்சு வாங்கினான். பிறகு பையிலிருந்து டேப்பை எடுத்தான். மூக்கிலிருந்து வால் வரை. சரிபார்க்க இரண்டாம் தடவையும் அளந்தான்.

"எழுபத்தொண்ணு."

"வுடாதடா," என்றேன். "ரேகா பாக்கட்டும். ஒரே ஒரு தடவ."

நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று தங்கராசும் சொன்னார். அவன் என்னைப் பார்த்தான். அப்போது உண்மையைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அது பொய்டா, அந்தத் தாளை நான்தான் அடித்தேன், எந்த ஆபீஸிலும் அப்படி ஒரு விதி கிடையாது, இது உன் மீன், எடுத்துக்கொண்டு போ என்று சொல்ல வேண்டும். தொண்டை வரை வந்தது. சொன்னால்? சொன்னால் அந்த நிமிஷமே அவன் மறுபடியும் பேப்பர் இல்லாமல் தண்ணீரில் நிற்கிறவன். சட்டைப் பையில் குத்தியிருந்த கவரில் வெயில் பட்டுப் பளபளத்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அவன் படகின் விளிம்பில் குப்புறப் படுத்து, மீனை இரண்டு கையாலும் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டான். முதலில் அது அசையவில்லை. முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டினான். செவுள் திறந்து மூடியது. வாலை ஒரு தடவை அடித்தது, அவ்வளவுதான், கையில் இல்லை. அவன் எழுந்து உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இருபது நிமிஷம் பாக்கி இருக்கிறது, பதினொன்றுக்குள் கரைக்குப் போய்விடலாம் என்றான். என்னிடம் இருந்த போனில் கேமரா கிடையாது. அந்த மீனுக்கு ஒரு படம்கூட இல்லை.

கரை வரும்போது சொன்னான்: "இந்தத் தடவ யாரும் என்னை ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா."

பங்குனி பிறந்த முதல் சனிக்கிழமை டயாலிசிஸ் நடக்கும்போதே இருதயம் நின்றுவிட்டது. மீன் பிடிக்கப் போனதாலா என்று டாக்டரை மூன்று தடவை கேட்டேன். இல்லை என்று மூன்று தடவையும் சொன்னார். நான்காவது தடவை கேட்க ஆள் இல்லாததால் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

காரியம் முடிந்து பத்து நாள் இருக்கும். தேர்தல் நேரம், மனு வாங்கும் நாள் கிடையாது, என் மேசையில் கூட்டம் இல்லை. ரேகா பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து பையிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் கவரை எடுத்து வைத்தாள். தாளைத் திருப்பினேன். பின்பக்கம் அவன் கையெழுத்து, பிட்டர் நோட்டில் எழுதுகிற மாதிரி: '23.2.2011. கொடுவா 1. நீளம் 71 செ.மீ. நிபந்தனை 4-இன்படி விடப்பட்டது.'

"ஆறாவது ரூல் அண்ணி," என்றாள். "தேவ முடிஞ்சதும் ஆபீஸ்ல குடுத்துடணும்னு போட்டிருக்கு இல்ல. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அக்காகிட்ட குடு, அது ஒப்படைச்சுடும், மறக்காம ரசீது வாங்கிக்கன்னாரு. நீங்க எந்த ஆபீஸ்னு சொன்னா நானே கூடப் போறேன்."

எந்த ஆபீஸ் என்று சொல்வது? ரசீதுக்குப் புதுத் தாள் ஒன்றை டைப்ரைட்டரில் செருகினேன். மேற்படி உரிமம் வழங்கிய அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளப்பட்டது என்று அடித்தேன். தேதி அடித்தேன். பேனாவை எடுத்தேன். உரிமத்தில் கிறுக்கின அந்தக் கோழிக் கையெழுத்தையே போட்டுக் கொடுத்திருக்கலாம், அவள் சந்தேகப்பட்டிருக்க மாட்டாள். என்னால் முடியவில்லை. 'வழங்கும் அலுவலர்' என்ற இடத்தில் ரா. லோகநாயகி என்று முழுதாக, படிக்கும்படி எழுதிக் கொடுத்தேன்.

ரேகா படித்தாள். மறுபடியும் படித்தாள். உரிமத்தில் இழுபட்டிருந்த சீலைப் பார்த்தாள், என் டைப்ரைட்டரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலாம். ரசீதை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்த மீனு வீட்டுக்கு வந்திருக்கலாம் இல்ல அண்ணி?"

"வந்திருக்கலாம் ரேகா."